தாடைக்கு ஓய்வு, மிக்ஸிக்கு வேலை

தாடையைச் சீராக்க எலும்பை அறுத்து, நகர்த்தி, டைட்டானியத் தகடு வைத்துத் திருகுகிறார்கள். 1849-லேயே அமெரிக்காவில் ஹலிஹென் என்ற மருத்துவர் கீழ்த்தாடையை அறுத்துத் திருத்திவிட்டார். 1957-இல் ஓப்வெகேசர் என்ற மருத்துவர் வெளியிட்ட முறைதான், சில மாற்றங்களோடு, இன்றும் ஓடுகிறது.

வீடு திரும்பியதும் மிக்ஸிதான் எஜமானர்.

சுமார் 6 வாரம் எதையும் கடித்து மெல்லக் கூடாது. சாம்பார் சாதம் கூழாகி, வடிகட்டியில் இறங்கி, ஊசியில்லாத சிரிஞ்சு வழியே கடைவாய்க்குள் போகும். கீழுதடு மரத்திருப்பதால், ரசம் மோவாயில் வழிவது எதிரே இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். நலம் விசாரிக்க வருகிறவர்களோ ஆப்பிளும் முறுக்கும் வாங்கி வருவார்கள். வீக்கம் உச்சத்தில் இருக்கும் 2, 3ஆம் நாளாகப் பார்த்து வந்து, "நல்லா பூசினாப்ல இருக்கீங்களே!" என்பார்கள்.

பதில் சொல்ல வழியில்லை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையங்கள் இழுத்துப் பிடித்திருக்கும்.