பின்னணியை மட்டும்தான் மாற்றினோமுங்க!

உண்மைக் கதை விற்கும் முதலாளிகளே, அடுத்த முறை சாட்சியை ஜோடிக்கும்போது விரல்களையாவது எண்ணிப் பாருங்கள்.

2024 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது ‘வாட் ஜெனிஃபர் டிட்’ என்ற ஆவணப்படம். கனடாவில் 2010-இல் பெற்றோரைக் கொல்ல ஆள் ஏவியதாகத் தண்டிக்கப்பட்ட ஜெனிஃபர் பானின் கதை. தாய் இறந்தார், தந்தை குண்டடிபட்டுப் பிழைத்தார். ஜெனிஃபர் கலகலப்பான பெண் என்று பழைய நண்பர் சொல்லும் இடத்தில், சிவப்பு உடையில் அவர் சிரிக்கும் படங்கள் வருகின்றன. இரண்டு விரல் காட்டும் கையோ பிசைந்த மாவு. முன்பல் ஒன்று நீண்டு தொங்குகிறது. காது இருக்கும் இடத்தில் காது மாதிரி ஏதோ ஒன்று. ஏஐ கைவரிசை என்று பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

தயாரிப்புத் தரப்பு என்ன சொன்னது? படத்தில் இருப்பது அசல் ஜெனிஃபர்தானாம். படம் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பின்னணியை மட்டும் மாற்றினார்களாம். அடேயப்பா! பின்னால் சுவர் மாறினால் முன்னால் நிற்பவருக்குப் பல் வளருமா?

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் கொலை வழக்கில் மறுவிசாரணை நடத்தச் சொல்லி 2023-இலேயே ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அந்த ஜூரியில் உட்காரக்கூடியவர் வீட்டு சோபாவிலும் இந்தப் பல் சிரித்திருக்கும். குற்றவாளியே ஆனாலும் அவருக்கென்று ஒரு முகம் உண்டு ஐயா, அதைத் திருத்தும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

ஆளைக் காப்பாற்ற என்ற சாக்கை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை நிஜமாகவே செய்தவர் இயக்குநர் டேவிட் பிரான்ஸ். 2020-இல் வந்த அவருடைய ‘வெல்கம் டு செச்னியா’ ஆவணப்படத்தில், உயிருக்குப் பயந்து செச்னியாவிலிருந்து ஓடும் தன்பாலீர்ப்பாளர்களின் முகங்கள்மேல் தன்னார்வலர்களின் முகங்களைக் கணினியால் பொருத்தினார்கள். அப்படிச் செய்திருக்கிறோம் என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டினார்கள். தப்பி ஓடியவர்களில் ஒருவர் துணிந்து பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்காரும்போது, இரவல் முகம் கரைந்து அவருடைய சொந்த முகம் தெரிகிறது. அங்கேயும் கணினி வேலைதான். கூடுதல் செலவு, திரையில் ஒரு வரி.

டீ வாங்கி வந்த பையனுக்குக்கூட நன்றி சொல்லி ஓடும் கடைசிப் பட்டியலில் அந்த ஒரு வரிக்கு உங்களுக்கு இடமில்லை. கேட்டால் படைப்புச் சுதந்திரம் என்பீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘உண்மைச் சம்பவம்’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு, ‘பாதி கற்பனை’ என்று எழுதிக் கடையைத் திறங்கள். யாவாரம் எப்படிப் போகிறதென்று பார்ப்போம்.