உப்பைத் தின்றது வண்டி, தண்ணீர் குடிப்பது நாம்

மரக்காணத்து உப்பளக் காற்று இரும்பைத் தின்னும். பட்டறைப் பையனுக்கும் இது தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான்: பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர்.

“சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி.” இவர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தமிழ்நாட்டு டாக்டர்கள் கார் விற்பதைத் தவிர வேறு வேலையே பார்ப்பதில்லை. பத்து வருடம் ஓடிய வண்டி. மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர். டாக்டர் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார் போலிருக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. உப்பு கரைந்தது, கூலியும் கரைந்தது. வெள்ளத்தில் முங்கிய கார் மட்டும் கரைவதே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையே பார்த்த கூத்து இது. இன்சூரன்ஸ்காரர் முழுச் சேதம் என்று கணக்கை முடித்த வண்டி ஏலத்துக்குப் போகும். டிங்கரிங், பாலிஷ், உள்ளே கொஞ்சம் சென்ட். அப்புறம் “ஷோரூம் கண்டிஷன்”.

வாங்கும் முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கைபடும் இடம் பளபளக்கும். அடியில் சேற்றுக் கோடு இருக்கும். கால்மிதியைத் தூக்கி சீட் போல்ட்டைப் பாருங்கள். கழுவுகிறவன் அவ்வளவு தூரம் குனிவதில்லை.

வாங்கிய பிறகு பார்த்தால்? “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லைக் காட்டுவார், பில் கொடுத்திருந்தால். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பில் தராததும் நியாயமற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிகம். பழைய கார் புதிய கார்போல ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மறைத்து விற்காதே என்கிறோம்.

அரசு சும்மா இல்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் கட்டாயம். 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, டீலரின் லாபத்துக்கு 18 சதவீத வரி என்றது. லாபத்தை அளக்க ஒரு கவுன்சிலே கூடுகிறது. துருவை அளக்க ஒருவரும் இல்லை. அதை நீங்களே நிரூபிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்தக் கட்டணமும் முதலில் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் என்கிறது சட்டம். முடிக்க ஆள் வேண்டுமே! நுகர்வோர் ஆணையங்களில் நாற்காலிகள் காலியாகவே கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், வேண்டாமென்றால் சட்டத்தையே ஒழித்துவிடுங்கள் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே வெடித்தது. சட்டம் போட்டவர்களுக்கு வெட்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

ஆனாலும் விடாதீர்கள். டீலர் எந்த ஊரில் இருந்தாலும், மரக்காணத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பில், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. டீலர் அதுவரை “நாளைக்கு வாங்க” என்பார். போகாதீர்கள், வழக்குப் போடுங்கள்.