பறக்கும் படையின் கனிவான கவனத்துக்கு

அனுப்புநர்
இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன் ஒருவனின் தாய்,
(இரவு ஏழரைக்கு மேல் அதே வகுப்பின் மாணவி),
ஆதம்பாக்கம், சென்னை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
வீட்டுப்பாடத் தடுப்புப் பறக்கும் படை.
(முகவரி கிடைக்காததால் பத்திரிகை வழியாக)

பொருள்: எங்கள் வீட்டில் திடீர் சோதனை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, மே 2018. 2. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகச் சுற்றறிக்கை, நவம்பர் 2018. 3. பள்ளிப் புத்தகப்பைக் கொள்கை, 2020. 4. என் மகனின் டைரி, நேற்றைய பக்கம்.

ஐயா / அம்மா,

தேர்தல் நேரத்துப் பறக்கும் படைக்குப் போக வேண்டிய மனு தவறி உங்களிடம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கையில் ரூ.50,000-க்கு மேல் வைத்துக்கொண்டு கணக்குக் காட்டத் தெரியாமல் விழிக்கும் காய்கறி வியாபாரியை நடுரோட்டில் நிறுத்தி, வேனின் மிதியடிவரை தூக்கிப் பார்ப்பவர்கள் அவர்கள். நான் எழுதுவது அவர்களுடைய ஒன்றுவிட்ட தம்பியான உங்களுக்கு.

2018 மே மாதக் கடைசியில் நீதிபதி என்.கிருபாகரன் அவர்கள், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். பிள்ளைகள் பளுதூக்கும் வீரர்கள் அல்ல, புத்தகப்பை சரக்கு ஏற்றும் கண்டெய்னரும் அல்ல என்று கண்டித்தார். பள்ளிகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்கப் பறக்கும் படை வேண்டும் என்றும் சொன்னார். என் மகன் பிறந்ததும் அதே வருடம். உத்தரவுக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் வளர்ந்து இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். உத்தரவு எந்த வகுப்பில் படிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கிடையாது, பையின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. போன வாரம் என் மகனின் பையைப் பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலு கிலோவைத் தாண்டியது. "எடுத்துக்கவாம்மா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் மனம் சலனப்பட்டது உண்மை.

இதெல்லாம் புதுக் கவலையும் அல்ல. எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் எழுந்து பேசியது அணை பற்றியோ அந்நியச் செலாவணி பற்றியோ அல்ல. பிள்ளைகளின் புத்தக மூட்டை பற்றி. பிறகு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு போட்டார்கள். 1993-இல் அந்தக் குழு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்துத் தெரிந்துகொள்வது போன்றவை மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கை வந்தபோது எனக்குத்தான் அந்த வயது. அன்று என் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்தார். இன்று நான் என் மகனுக்கு எழுதிக் கொடுக்கிறேன். குழுக்கள் அறிக்கை எழுதுகின்றன, நாங்கள் நோட்டு எழுதுகிறோம். எழுத்துப் பணி தடையின்றி நடக்கிறது.

உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் வந்திருக்கவும் கூடும். காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அங்கே என்ன அகப்படும்? பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள், முதல்வர் காப்பி கொடுத்திருப்பார். "வீட்டுப்பாடம் உண்டா?" என்று கேட்டிருந்தால், "ஹோம்வொர்க்கா? எங்கள் பள்ளியிலா? இது வெறும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் ஆக்டிவிட்டி" என்று பதில் வந்திருக்கும். சரக்கு எங்கள் வீட்டில் இருக்கும்போது பள்ளியைச் சோதனை போட்டு என்ன பயன்?

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு, நுங்கம்பாக்கத்தில் ரயிலேறி, பரங்கிமலையில் இறங்கி, டே கேரில் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி ஏழே கால். என் கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அவர் வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம், அல்லது நாங்கள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். டைரியில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போடுவது மட்டும் அவர் இலாகா.

ஒரு பக்கம் குக்கரை வைத்துவிட்டு டைரியைத் திறந்தால், பார்வை 4-இல் கண்டபடி நேற்றைய பட்டியல் இது. ஆங்கிலம்: நாலு வரி நோட்டில் இரண்டு பக்கம் கர்சிவ். கணக்கு: ஆறாம் வாய்ப்பாடு மூன்று முறை. தமிழ்: பத்துச் சொற்கள், நாளை டிக்டேஷன். இந்தி: ஒரு பக்கம். ஈ.வி.எஸ். (சூழ்நிலையியல்): வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்கப்படும். இந்தக் கடைசி வரி இருக்கிறதே, வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை கூட எனக்கு அவ்வளவு பயம் தருவதில்லை.

இந்தியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. என் தாத்தா 1965-இல் ரயில் நிலையப் பலகையில் தார் பூசப் போனவர். அவருடைய கொள்ளுப்பேரன் தினமும் இரவு எட்டு மணிக்கு இந்தி எழுத்தைத் தப்பாகப் போட்டு, ரப்பரால் அழித்து, திரும்பப் போட்டு, திரும்ப அழிக்கிறான். தாள் ஓட்டையாகிறது. ஒரு வகையில் குடும்பப் பாரம்பரியம் தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போன மாதம் எதிர் வீட்டில் டைல்ஸ் ஒட்ட வந்திருந்த பீகார் தம்பி, படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, சிமெண்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பென்சிலை வாங்கினார். எழுத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மேலே கோட்டால் கூரை வேய வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது; நாங்கள் அதுவரை முதலில் கோட்டைப் போட்டுவிட்டு அதில் எழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்துக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. டைல்ஸ் வேலை முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். நட்சத்திரமும் போய்விட்டது.

இனி ஈ.வி.எஸ். வாட்ஸ்அப் செய்தி எட்டு ஐம்பதுக்கு வந்தது. 'நமக்கு உதவுபவர்கள்' என்ற தலைப்பில் சார்ட் தயாரித்து நாளை காலை அனுப்பவும், பிள்ளைகளே சுயமாகச் செய்ய வேண்டும். சுயமாகச் செய்ய வேண்டிய பிள்ளை அப்போது ஒரு வாய் தோசையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே கைலியோடு இரண்டு அப்பாக்கள், நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்ட ஓர் அம்மா. எல்லாம் 'பி' பிரிவு. கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "ஹெல்பர்ஸா? முடிஞ்சிருச்சும்மா. வெஜிடபிள்ஸ் இருக்கு, தரட்டா?" கடைசியில் உள்ளே தேடி ஒரு மடிந்த படத்தாளை எடுத்துக் கொடுத்தார். டாக்டர், தபால்காரர், தையல்காரர், தீயணைப்பு வீரர், செருப்புத் தைப்பவர், போலீஸ் என்று எல்லாரும் இருந்தார்கள். இரவு பதினோரு மணிக்கு ஒவ்வொருவராக வெட்டி ஒட்டினேன். தபால்காரரின் காலை மட்டும் தவறி வெட்டிவிட்டேன். எவ்வளவு தேடியும் அந்தத் தாளில் உங்கள் படம் இல்லை, ஐயா.

முன்கூட்டியே தெரிந்தால் படங்களை அலுவலகத்திலேயே பிரிண்ட் எடுத்துவிடுவது வழக்கம். மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் அலுவலகப் பிரிண்டரிடம் நிற்கும் வரிசையை நீங்கள் பார்க்க வேண்டும். என் மேலாளர் எனக்கு முன்னால் நின்று, காலாண்டு அறிக்கை எடுப்பது போன்ற முகத்தோடு டைனோசர் எடுத்துக்கொண்டிருந்தார். நான் நீர்வாழ் உயிரினங்கள் எடுத்தேன். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கட்டாயக் கல்விச் சட்டப்படி ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடந்தால் போதும். அதாவது நாளொன்றுக்கு நாலு மணி நேரம். என் மகன் காலை எட்டரை முதல் மூன்றே கால்வரை பள்ளியில் இருக்கிறான். இவ்வளவு நேரம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கரும்பலகையும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு முடிக்காத ஆறாம் வாய்ப்பாட்டை, ஒரு கையில் தோசைக் கரண்டியோடு நான் எட்டரை மணிக்கு முடித்துவிடுவேன் என்று பள்ளி நம்புகிறது. என் அலுவலகத்தில் கூட என்னை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

வகுப்பு ஆசிரியை மேல் நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள். பாவம். நாற்பது பிள்ளைகள், தனியார் பதிப்பகத்தின் தடித் தடியான புத்தகங்கள், மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டிய போர்ஷன். எட்டு ஐம்பதுக்கு அவர் செய்தி போடுவதன் காரணம் பெற்றோர் கூட்டத்தில்தான் தெரிந்தது. அதுவரை அவர் தன் மகளுக்கு, வேறொரு பள்ளியின் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

உண்மையான எதிரி யார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறேன். எங்களில்தான் பலர். அதே கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "பக்கத்து ஸ்கூலில் யு.கே.ஜி.யிலேயே மூணு பக்கம் கொடுக்கறாங்க மேடம், இங்கே ரொம்பக் கம்மி" என்றார். நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. வீட்டுப்பாடம் கொடுக்காத பள்ளிக்கு எங்கள் ஏரியாவில் ஒரே ஒரு விமர்சனம்தான்: "அங்கே ஒண்ணுமே சொல்லித் தர்றதில்லையாம்." ஆகவே நீங்கள் சோதனைக்கு வந்தால், சில வீடுகளில் நோட்டைப் பரணில் பதுக்குவார்கள். எச்சரிக்கை தேவை.

பகடியை ஒரு நிமிடம் ஒதுக்கி வைக்கிறேன். எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அக்காவின் மகள் என் மகனுடன் அதே வகுப்பில் படிக்கிறாள், 25 சதவீத இட ஒதுக்கீட்டில். அவள் கட்டணம் அரசின் பொறுப்பு. ஆனால் கர்சிவ் எழுத்தும் இந்தியும் அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? மாதம் அறுநூறு ரூபாய் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிறார். டியூஷன் டீச்சர் எழுதிக் கொடுக்கிறார். நான் அலுவலகப் பிரிண்டரில் எடுக்கும் கலர்ப் படத்தை அவர் ஒரு பக்கம் பத்து ரூபாய் என்று கடையில் எடுக்கிறார். மறுநாள் இரண்டு சார்ட்டும் ஒரே சுவரில் தொங்குகின்றன. மதிப்பெண் போடப்படுவது எங்கள் வீடுகளுக்கு. பிள்ளைகளுக்கு அதில் பங்கே இல்லை. இதற்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கிறதோ இல்லையோ, இது அநியாயம்.

அடுத்த ஆண்டு அவன் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். 2020 கொள்கைப்படி மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் தினம் 24 நிமிடம். எங்கள் வீட்டில் பென்சில் சீவியைக் கண்டுபிடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். அந்த நேரம் கணக்கில் சேருமா என்று கொள்கையில் சொல்லவில்லை. ஒரு தெளிவுரை வழங்கினால் நல்லது.

வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன கிழிப்பீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் கிழிக்க மாட்டோம். வகுப்பில் மின்விசிறி மேலிருந்து ஒரு பல்லி விழுந்ததாம். அது யார் மடியில் விழுந்தது, மிஸ் நாற்காலி மேல் ஏறினாரா இல்லையா என்று அவன் திங்கட்கிழமையிலிருந்து சொல்லவருகிறான். ஒவ்வொரு நாளும் பல்லி பாதி விழுந்துகொண்டிருக்கும்போதே "சரி சரி, முதல்ல எழுது" என்று குறுக்கே வாய்ப்பாடு வந்துவிடுகிறது. எனக்கும் முடிவு தெரிய வேண்டும்.

ஆகவே, ஐயா / அம்மா அவர்கள் வார நாள் ஒன்றில் இரவு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் திடீர் சோதனை நடத்துமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஆதாரங்கள் தேதிவாரியாக, ஆசிரியர் கையொப்பத்துடனும் பெற்றோர் கையொப்பத்துடனும் டைரியில் தயாராக உள்ளன. படையில் இந்தி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நலம். வரும்போது தெருமுனைக் கடையில் நாளைக்கு வேண்டிய 'போக்குவரத்துச் சாதனங்கள்' படத்தாள் இரண்டு வாங்கி வரவும்; ஒன்று எங்களுக்கு, ஒன்று தேய்க்கும் அக்கா மகளுக்கு. கடை ஒன்பதரைக்கு அடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவுத் தாய்.