கட்டியங்காரனுக்கு ஒரு மதிப்புரை

நள்ளிரவு நகைச்சுவை நிகழ்ச்சி என்பது 1975 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' ஒளிபரப்பானபோதுதான் பிறந்தது எனக் கருதும் மதிப்புரையாளர், தருமபுரி மாவட்டத்துப் பாரதக் கூத்தில் துகிலுரிதல் இரவை அளவிடப் புகுந்தால், ஆட்டம் விடியும்வரை நீள்வதையும் இடையில் விளம்பரமே வராததையும் முதற்குறைகளாகப் பதிவுசெய்ய நேரும்.

அடுத்த குறை கட்டியங்காரன். அரசனின் வருகையை அறிவித்து, அவனது செய்யுள்நடைப் பெருமையைப் பேச்சுத் தமிழில் பிரித்துச் சொல்லி, கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்கும் பாத்திரம் இது. இதைப் போன்றதொரு விலக்கலுக்குத்தான் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் தனிக் கோட்பாடே வகுக்க வேண்டியிருந்தது. இருவர் பிடித்த திரை விலகி, மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் மின்னத் துரியோதனன் அத்தினாபுரத்துச் செல்வத்தை முழங்குகையில் கட்டியங்காரன் சம்பள பாக்கியை நினைவூட்டினால், பேரரசின் நிதிநிலை அறிக்கை அங்கேயே தாக்கலாகிவிடுகிறது. நியூயார்க்கில் இதற்கு ஓர் எழுத்தாளர் குழு தேவைப்படுகிறது. இங்கே முன்வரிசைப் பாயில் சாய்ந்திருக்கும் ஊர்ப் பெரியமனிதர் ஒருவரே போதுமான மூலப்பொருள்.

துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி, திரௌபதியை வணங்கி, மன்னிப்புக் கேட்ட பிறகே சேலையில் கைவைப்பது மரபு. ஒளிபரப்பு முடிந்து, எதிர்ப்பு கிளம்பி, வழக்கறிஞர் வரைந்து கொடுத்த பின்பே வருத்தம் தெரிவிக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கு இந்த வரிசைமுறை விளங்க வாய்ப்பில்லை.