ஒரு நபர் விசாரணைக் கமிஷன்

எங்கள் அண்ணாச்சி மிக்சி வாங்கப் பதினான்கு மாதம் விசாரித்தார். எத்தனை வாட், எத்தனை ஜார், மோட்டார் சூடேறினால் தானாக நிற்குமா, பாளையங்கோட்டையில் சர்வீஸ் உண்டா, எதிர்வீட்டுக்காரர் வாங்கியதில் தேங்காய் அரைபடாமல் நார் நாராக வருகிறதாமே, நிஜமா? பதினைந்தாவது மாதம் ஒரு நல்ல நாள் பார்த்துக் கடைக்குப் போனபோது, "அந்த மாடல் நின்னு போச்சே அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். அண்ணாச்சி முகத்தில் வருத்தமே இல்லை. "பாத்தீரா வே, நின்னு போற மாடல்! நல்லவேளை, நான் அவசரப்படல" என்று வெறுங்கையோடு வீடு திரும்பினார். மதினி அன்றைக்கும் அம்மியில்தான் தேங்காய் அரைத்தார்.

அண்ணாச்சி எதற்கும் எதிரி அல்ல. அதற்காக எதற்கும் ஆதரவாளரும் அல்ல. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடும். 'வேணும்' என்றாலும் முடிந்துவிடும். அதனால் இரண்டையும் சொல்லமாட்டார். "விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்" என்பார். தணிக்கைப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'ஒரு நபர் கமிஷன்' என்று பெயர். அரசாங்கம் போடும் கமிஷனுக்கும் இவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அங்கே அறிக்கை எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். இங்கே அறிக்கையே கிடையாது என்பதால் அலமாரிச் செலவு மிச்சம்.

இந்தக் கமிஷனுக்கு வாழ்நாள் வேலை ஒன்று 2009-இல் வந்து சேர்ந்தது. ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதுக் காய்ச்சல் என்றார்கள். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்டில் புனேயிலிருந்து இந்தியாவின் முதல் சாவுச் செய்தி வந்ததும், எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் முகமூடி தீர்ந்துபோய், எல்லார் முகத்திலும் கர்ச்சீப் ஏறியது.

பன்றிக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டதும் அண்ணாச்சி நிம்மதியாக மூச்சு விட்டார். "நாம சைவம்லா. நமக்கும் பன்னிக்கும் என்ன வே கொடுக்கல் வாங்கல்?" பன்றிகளிடம் புழங்கிய வைரஸ்களின் கலப்பில் உருவானதால் வந்த பெயர் அது; பரவுவது மனுசன் இருமலிலும் தும்மலிலும். டவுன் பஸ்ஸில் பின்சீட்டில் இருந்து இருமுகிறவர், முன்னால் இருப்பவர் சைவமா அசைவமா என்று கேட்டுவிட்டா இருமுகிறார்? இதைச் சொன்னபோது அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார ஆரம்பித்தார்.

அக்டோபரில் அமெரிக்காவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அண்ணாச்சி கொதித்துவிட்டார். "அவன் உசிரு உசிரு, நம்ம உசிரு மசுராவே? இங்க எப்ப வரும்?" டீக்கடையில் தினமும் அரைமணி நேரம் இதே பேச்சு. பத்திரிகைகளுக்கு 'ஆசிரியருக்குக் கடிதம்' மூன்று. தடுப்பூசி நம் ஊருக்கு வந்தால் சட்டையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்கப்போவது இவர்தான் என்று தெருவே நம்பியது.

2010 ஜூனில் வந்தேவிட்டது. அகமதாபாத்தில் தயாரான ஊசி அது. ஜூலையில் புனேயிலிருந்து மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையோடு காய்ச்சலும் மறுபடி பரவிக்கொண்டிருந்த நேரம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்: "அதெப்படி வே, ஒரு வருசத்துக்குள்ள கண்டுபிடிச்சுப்புட்டான்?"

எட்டு மாதமாக 'ஏன் இவ்வளவு லேட்டு' என்று கேட்ட அதே வாய்.

கமிஷன் கூடியது. முதல் சாட்சி, திருவனந்தபுரத்துச் சம்பந்தி. போனில், "நாங்க வீட்டோட போட்டுட்டோம். கை ஒரு நாள் கடுத்தது, அவ்வளவுதான்" என்றார். அண்ணாச்சி ரிசீவரை வைத்துவிட்டுச் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்தார். "அவரு எதுக்கும் பறக்கிற ஆளு. நம்ம வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு முன்னால பந்தியில உக்காந்தவருல்லா." இரண்டாவது சாட்சி, மருந்துக் கடைத் தம்பி. "போட்டுக்கிடுங்க அண்ணாச்சி." தள்ளுபடி; விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான்? மூன்றாவது, ஊசி வேண்டவே வேண்டாம் என்ற ஹோமியோபதிக்காரர். அவரும் தள்ளுபடி, அவரும் ஏதோ விற்கிறார். இந்த நடுநிலையை மட்டும் நான் கடைசிவரை மெச்சினேன்.

நான்காவது சாட்சி, எண்பது வயதான ஓய்வுபெற்ற வாத்தியார். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் ஆசியக் காய்ச்சல் இறங்கி, நாடு முழுக்கப் பரவிய கதையை நேரில் கண்டவர். "பள்ளிக்கூடத்துல பாதிப் பெஞ்சு காலி. எனக்கும் வந்துச்சு. சுக்கு வெந்நி குடிச்சேன், மிளகு ரசம் குடிச்சேன், எந்திரிச்சிட்டேன். ஊசியா கீசியா?" அண்ணாச்சி இதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார். பிழைத்தவர் வந்து சாட்சி சொல்லிவிட்டார். பிழைக்காதவர்கள் வந்து சொல்ல முடியாது என்பது எல்லா விசாரணைக் கமிஷனிலும் உள்ள குறைதான்.

ஐந்தாவது சாட்சி பெங்களூரில் இருந்த மகன். அவன் வாய்தவறி 1976 அமெரிக்கக் கதையைச் சொல்லிவிட்டான். அங்கே ஒரு பன்றிக் காய்ச்சல் பயத்தில் நாலு கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை. ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒருவருக்கு நரம்பைத் தாக்கிக் கைகாலை முடக்கும் நோய் கூடுதலாக வந்தது கண்டு திட்டத்தையே நிறுத்தினார்கள். நடந்த கதைதான். அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லட்சத்துல ஒருத்தன்! அந்த ஒருத்தன் நானா இருந்தா?"

முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஏங்க, லாட்டரியத் தடை பண்ணுத வரைக்கும் இருவது வருசம் சீட்டு வாங்குனீங்களே. ஒருக்கா, ஒரு அஞ்சு ரூவா விழுந்திருக்கா?"

கமிஷன் அன்று சீக்கிரம் ஒத்திவைக்கப்பட்டது.

அண்ணாச்சியை நினைத்து நாம் ரொம்பச் சிரிக்கவும் வேண்டாம். அம்மைக்கு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்தச் சொன்னபோது லண்டனிலேயே இதே கூத்துதான். 1802-இல் ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிச் சித்திரம் போட்டார்: ஊசி குத்திக்கொண்டவர்களின் கையிலும் மூக்கிலும் வாயிலும் குட்டிக் குட்டி மாடுகள் முளைக்கின்றன. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தால், அவர் எங்கள் அண்ணாச்சியின் முப்பாட்டனாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் டாக்டரிடமே போவது என்று முடிவாயிற்று. துணைக்கு நான். அண்ணாச்சி கையில் பழைய டைரி. அதில் வரிசை எண் போட்டுப் பதினேழு கேள்விகள். வெளியே டோக்கன் வாங்கி இருபத்தெட்டுப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் அண்ணாச்சி நாற்காலியை நாலு விரற்கடை நகர்த்தி, எங்கள் முறை வந்தபோது வாசற்படியில் இருந்தார்.

"ஒரு வருசத்துல எப்படி டாக்டர் கண்டுபிடிச்சாங்க?"

"புதுசாக் கண்டுபிடிக்கல சார். ஃப்ளூ தடுப்பூசி 1940-களிலிருந்தே இருக்கு. வைரஸ் உருமாறிக்கிட்டே இருக்கிறதால, அதுக்குத் தக்கபடி மாத்தி மாத்திச் செய்யறாங்க. இட்லிச் சட்டி அதேதான், மாவு மட்டும் புதுசு."

அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. எழுதிக்கொண்டார். "போட்டா அந்தக் காய்ச்சலே வந்திரும்னு சொல்லுதாங்களே?"

"ஊசியில இருக்கிறது செத்த வைரஸ். அது நோய் தராது. கை வலிக்கும், லேசா உடம்பு சுடலாம், ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"போட்டா வரவே வராதா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். வர்ற வாய்ப்பு குறையும். வந்தாலும் படுக்கையில தள்ளுற அளவுக்குப் போறது குறையும். உடம்புல எதிர்ப்பு சேர ரெண்டு வாரம் ஆகும். அதனால காய்ச்சல் வாசலுக்கு வந்தப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தா பிரயோசனம் இல்ல."

ஒன்பதாவது கேள்விக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார் அண்ணாச்சி. "இதை... கோழி முட்டையிலதான் வளக்காங்களாமே?"

"ஆமா. கருவுற்ற முட்டையில வைரஸை வளர்த்து, பிரிச்சு, சுத்தம் பண்ணி எடுப்பாங்க. முட்டை அலர்ஜி உண்டா?"

"அலர்ஜி இல்ல. ஆசாரம்."

டாக்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். அண்ணாச்சி வீட்டில் வாரா வாரம் வாங்கும் பேக்கரி கேக்கைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருப்பவனுக்கு அந்த அளவு அடக்கம் வேண்டும்.

பதினேழு கேள்விக்கும் டாக்டர் பதில் சொன்னார். தெரிந்ததைத் தெரியும் என்றார், உறுதியில்லாததை உறுதியில்லை என்றார். சிரிஞ்சை எடுக்க நர்ஸ் எழுந்தார். அண்ணாச்சியும் எழுந்தார். "ரொம்ப சந்தோசம் டாக்டர். எல்லாம் விளக்கமாச் சொன்னீங்க. வண்ணார்பேட்டையில இன்னொரு டாக்டர் இருக்காரு, அவரையும் ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு வந்திருதேன்."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பதில் வேண்டிக் கேட்கும் கேள்வி ஒன்று. பதில் வந்துவிடக் கூடாதே என்று கேட்கும் கேள்வி ஒன்று. அண்ணாச்சி பயந்தது ஊசிக்கு அல்ல. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், 'நீதானே முடிவு பண்ணினாய்' என்று கேட்பதற்கு மனசுக்குள் ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குத்தான் பயந்தார். முடிவே எடுக்காதவன் கணக்கில் ஆட்சேபணை எழுத முடியாது என்பது அவர் நினைப்பு. முடிவெடுக்காமல் இருந்ததும் ஒரு பற்றுதான் என்பது தணிக்கைப் பிரிவில் இருந்தவருக்கு ஏனோ தெரியவில்லை.

அவரைச் சொல்கிறேனே, தெரு மட்டும் என்ன ஒழுங்கு? "அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?" என்று கேட்டுக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் அவர் திண்ணையில்தான் காத்திருந்தோம். அவர் போட்டால் நாமும் போடலாம். போடாவிட்டால் பழியும் அவருக்கே. எங்கள் பயத்துக்கும் சேர்த்து அவர் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அறைக்குள் அன்று என் கையும் சும்மாதான் இருந்தது. என்னை யாரும் தடுக்கவில்லை. நானும் சட்டைக் கையை மேலே ஏற்றவில்லை.

2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறுநாள் பேப்பரும் கையுமாக அண்ணாச்சி தெருவில் இறங்கினார். மிக்சிக் கடையிலிருந்து திரும்பிய அதே நடை. "பாத்தீரா வே? நின்னு போச்சி! நல்லவேளை, நான் அவசரப்படல." டீக்கடையில் எல்லாருக்கும் அவர் கணக்கில் டீ. கமிஷன் கலைந்தது.

அறிவிப்பு வைரஸுக்குப் போய்ச் சேரவில்லை. பெருந்தொற்று என்ற பட்டம் போனபின் அது வருடா வருடம் வந்துபோகும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. 2015-இல் நாடு முழுக்க நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்து, மூவாயிரம் பேர் அளவில் கொண்டுபோனது அதே வைரஸ்தான். ஆனால் அண்ணாச்சி அதுவரை காத்திருக்கவில்லை. அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியிலேயே படுத்துவிட்டார். நூற்று மூன்று டிகிரி. உடம்பெல்லாம் உலக்கையால் இடித்த மாதிரி வலி. எந்த ஃப்ளூ என்று யாரும் பெயர் கேட்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதி, ஒரு வாரம் யாரையும் பக்கத்தில் விடவேண்டாம் என்றார்.

அதை எங்கள் ஊரில் யார் கேட்பது? உடம்பு சுகமில்லை என்றால் ஆள் போய் விசாரிக்காவிட்டால் அது பகை. வாத்தியார் விசாரிக்க வந்தார், சுக்கோடு. மருந்துக் கடைத் தம்பி விசாரித்தான். ஹோமியோபதிக்காரர் விசாரித்தார். சம்பந்தி போனில் காலையும் மாலையும் விசாரித்தார். வருடம் முழுக்க ஊரை விசாரித்தவரை ஒரே வாரத்தில் ஊர் விசாரித்துத் தீர்த்தது. அண்ணாச்சி போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார்.

நான் போனபோது மதினி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "தள்ளி இருங்க மதினி, தொத்திக்கிடும்" என்றேன்.

"எனக்குப் போட்டாச்சு தம்பி. போன மாசம் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன்லா, அப்படியே டாக்டர் வீட்ல நுழைஞ்சு போட்டுட்டு வந்துட்டேன்."

போர்வை அசைந்தது. "ஏளா... யார்கிட்ட விசாரிச்ச?"

"நர்ஸுகிட்டத்தான். வலிக்குமான்னு கேட்டேன். எறும்பு கடிச்சாப்ல இருக்கும்னா. கைய நீட்டிட்டேன்."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மதினி உள்ளே போய், ஆவி பறக்க ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினார். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, வாங்கி, மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"இதுல என்னெல்லாம் போட்டிருக்க?"

"குடிங்க. விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்" என்று மதினி அடுப்படிக்குப் போய்விட்டார்.