கொலோன் பேராலயமும் ஒரு பாரந்தூக்கியும்

கேள்வி: ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைக் காணச் செல்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இப்போது அங்கே இல்லாத ஒரு மரப் பாரந்தூக்கியை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். 1248இல் அடிக்கல் நாட்டப்பட்ட இவ்வாலயத்தின் பணி 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோனபோது, பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் மேல் விடப்பட்ட அந்தப் பாரந்தூக்கி, பல நூற்றாண்டுகள் நகரத்தின் அடையாளமாகவே விளங்கியது. 1842இல் மீண்டும் தொடங்கிய பணி, இடைக்கால முகப்பு வரைபடத்தைப் பின்பற்றி 1880இல் நிறைவுற்றது. வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்ன நம் முன்னோர், 632 ஆண்டுக் கணக்கைக் கேட்டிருந்தால் கைகூப்பியிருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் 43 மீட்டர் உயரக் கல்விதானத்தைத் தாங்கும் தூண்கள் மெலிந்து தோன்றுவது வியப்பளிக்கும். விதானத்தின் பக்கவாட்டு உந்துவிசையை, சுவருக்கு வெளியே சாய்வாக வளைந்து நிற்கும் உதைவளைவுகள் ஏற்றுத் தரைக்குக் கடத்துவதால், சுவர் சுமையிலிருந்து விடுபட்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கு இடம்விடுகிறது. கோதிக் கட்டடக்கலையின் உயிர்நாடி இதுவே. ஆகவே ஆலயத்தின் வெளிப்புறத்தை ஒருமுறை சுற்றிவராமல் திரும்புபவர் பாதியைத்தான் கண்டவராவார்.

157 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏற விரும்புவோர் நல்ல காலணி அணிந்து செல்லட்டும்: காட்சி மேடைக்கு 533 படிகள், மின்தூக்கி கிடையாது.