ப்ளூஸ் வக்கீல்

சிகாகோவின் புறநகர்களில் சனிக்கிழமையானால் ஒருவர் வீட்டின் நிலவறைக்கு இறங்கிப் போய், மின்கிதாரை மாட்டிக்கொண்டு சோகப்படத் தொடங்குவார். சோகப்படுவதற்கு அவருக்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. வீட்டுக்கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் நல்ல கல்லூரியில் இருக்கிறார்கள், கொலஸ்ட்ரால்கூடக் கட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்கக் கிதார்க்காரர்கள் இவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘ப்ளூஸ் வக்கீல்’. வக்கீலாக இருந்தே தீரவேண்டும் என்றில்லை. பல் டாக்டர்களும் ஆடிட்டர்களும் இந்த ஜாதியில் சேர்த்தி. ஐம்பது வயதும் தாராளமான கிரெடிட் கார்டும் இருந்தால் போதும்.

ப்ளூஸ் என்ற அந்தச் சோக இசையின் வரலாறு அவருக்கு அத்துப்படி. மிசிசிப்பியின் பருத்திப் பண்ணையிலிருந்து 1943-இல் சிகாகோவுக்கு வந்த மடி வாட்டர்ஸ், மதுக்கடைக் கூச்சலில் சாதாரணக் கிதார் எடுபடாமல் மின்கிதாருக்கு மாறிய கதையைச் சொல்வார். லூசியானாச் சிறுவன் படி கய், வீட்டு ஜன்னல் வலையிலிருந்து கம்பியை உருவித் தந்தியாகக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். சொல்லி முடித்த கையோடு, 1959-ஆம் வருட லெஸ் பால் கிதாரின் மறுபதிப்பு ஒன்றுக்கு ஆர்டர் கொடுப்பார்.

அந்த மறுபதிப்பிலும் ஒரு விசேஷ ரகம் உண்டு. புத்தம்புதுக் கிதாரைத் தொழிற்சாலையிலேயே கீறி, வார்னிஷைச் சுரண்டி, உலோகத்தை மங்கவைத்துத் தருவார்கள். இந்தச் சேதாரத்துக்குத் தனிக் கட்டணம். அரை நூற்றாண்டு மதுக்கடைகளில் அடிபட்டதுபோல் வந்து இறங்கும் அந்தக் கிதாரில், மகனின் சாவிக்கொத்து பட்டு ஒரு கோடு விழுந்தால் வீட்டில் ஒரு வாரம் யாரும் வாய் திறக்க முடியாது. அந்தக் கிதாரில் அசலான கீறல் அது ஒன்றுதான்.

ப்ளூஸ் கிதார்க்காரர் ஸ்டீவி ரே வான் தடித்த தந்திகளைக் கட்டி, விரல் நுனி கிழிந்தால் சூப்பர் க்ளூ தடவிக்கொண்டு வாசித்தார் என்று கேள்விப்பட்டால், நம்மவரும் அதே தடிமனில் தந்தி கட்டுவார். வான் அரைச்சுரம் இறக்கிச் சுருதி வைத்துக்கொண்டார் என்பது மட்டும் அவர் காதில் விழாது. செவ்வாய்க்கிழமை விரலில் பிளாஸ்திரியோடு கோர்ட்டுக்குப் போவார். புதன்கிழமை யாருக்கும் சொல்லாமல் மெல்லிய தந்திக்கு மாறிவிடுவார். பிறகு, காலால் மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றும் பெடல்கள். அவற்றில் ராஜா க்ளோன் சென்டார். 1994-இலிருந்து சில ஆண்டுகள் கையால் செய்து விற்கப்பட்டது. உள்ளே இருக்கும் மின்சுற்றை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று எப்பாக்ஸியை ஊற்றி மூடியிருப்பார்கள். இன்று பழையது ஒன்று ஆயிரக்கணக்கான டாலர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததால் அதில் எல்லாம் இருக்கிறது என்று நம்மவர் நம்புகிறார்.

இத்தனை முதலீடும் லீடு, அதாவது முன்னால் நின்று தனியாக, வாசிக்கத்தான். ஐந்தாவது ஃப்ரெட்டில் கைவைத்தால் ஏ மைனர் பெண்டடானிக், ஐந்தே சுரம். கழுத்து நெடுக அதற்கு ஐந்து வடிவங்கள் உண்டு. அவர் முதல் வடிவத்திலேயே குடியேறி, வாடகை கட்டி, ரேஷன் கார்டும் வாங்கிவிட்டார். ரிதம் வாசிப்பது என்றால் மட்டும் முகம் சுளிப்பார். சுருதி மாதா, லயம் பிதா என்பது நம்மூர்க் கணக்கு. மின்னணு ட்யூனரின் புண்ணியத்தில் இவர் மாதாவுக்குச் செல்லப்பிள்ளை. பிதாவின் முகத்தைப் பார்த்ததேயில்லை.

கேட்டால் ப்ளூஸ் மேதை பி.பி. கிங்கைச் சாட்சிக்கு இழுப்பார். யூ2 குழுவின் 1988-ஆம் வருட ஆவணப்படத்தில், பல சுரங்களைச் சேர்த்தடிக்கும் கார்டு வாசிப்பது தமக்குச் சரிவராது என்று கிங்கே சொல்கிறாரே! வாஸ்தவம். ஆனால் கிங்குக்குப் பின்னால் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனுமாக ஒரு வாத்தியக்குழு நின்றது. நம்மவருக்குப் பின்னால் நிலவறையில் சலவை இயந்திரம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தவிர, கிங் பாடும்போது கிதார் பேசாது, கிதார் பேசும்போது அவர் பாடமாட்டார். நம்மவர் யார் பாடினாலும் வாசிப்பார்.

ப்ளூஸின் ரிதம் ஏட்டில் சுலபம். மூன்று கார்டு, நாலு அடி கொண்ட பார் பன்னிரண்டு. ஏ-யில் என்றால் நாலு பார் ஏ, இரண்டு பார் டி, மறுபடி இரண்டு பார் ஏ. ஒன்பதாவது ஈ, பத்தாவது டி, கடைசி இரண்டில் ஏ-க்கு வந்து அடுத்த சுற்றுக்குத் திரும்பவேண்டியது. கஷ்டமெல்லாம் ஷஃபிளில். ஒரு அடியை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கை விழுங்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் அடிக்கவேண்டும். அடித்த உடனே இடக்கையைத் தளர்த்தி ஒலியை அடக்கவேண்டும். பாடுகிறவரின் வார்த்தை எதன்மீதும் கால் வைக்காமல் பாட்டு முடியும்வரை இதையே செய்யவேண்டும். மடி வாட்டர்ஸுக்குப் பின்னால் ஜிம்மி ராஜர்ஸ் இதைச் செய்தார். ஜிம்மி ரீடுக்குப் பின்னால் எடி டெய்லர் செய்தார். 1950-களின் சிகாகோ இசைத்தட்டுகள் நடந்ததெல்லாம் இவர்களின் காலில்தான். நம்மவர் வீட்டுச் சுவரில் இந்த இருவர் படமும் கிடையாது.

இந்தக் கல்வியோடு அவர், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம் என்கிற மதுக்கடையின் ஜாம் இரவுக்குப் போவார். பெயர் எழுதும் தாளில் கிதாருக்குக் கீழே இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கும். பாஸ் கிதாருக்குக் கீழே ஒரே பெயர், அவரும் கடைச் சிப்பந்தி. மேடையை நடத்தும் பெரியவர் ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்வார்:

“ஏ-ல ஷஃபிள். ரெண்டாவது பார்லயே டி-க்குப் போயிடணும். ஆளுக்கு ரெண்டு சுற்று, அதுக்கு மேல வேணாம்.”

இரண்டாவது பாரில் எல்லோரும் டி-க்குப் போக, நம்மவர் தனியாக ஏ-யில் நிற்பார். சோலோ கைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணுக்கு மேடைக்காரரின் சைகை தெரியாது. இரண்டு சுற்று ஆறாகும். பக்கத்தில் நிற்கும் பல் டாக்டர் ஒலியை ஒரு புள்ளி ஏற்றினால் இவர் இரண்டு ஏற்றுவார். டிரம்மர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஓர் இரவு, பாட வந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, “உங்க சோலோ வேணாம். சத்தத்தைக் குறைச்சுட்டு என் பின்னாலயே வாங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டார். நம்மவர் வெலவெலத்துப்போய் இரண்டு தந்தியில் ஷஃபிளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வேலை இல்லாததால் டிரம் அடி எங்கே விழுகிறதென்று காதுகொடுத்துக் கேட்டார். பன்னிரண்டு பாரும் வரிசையாக வந்துபோயின. பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள், “அடுத்த பாட்டுக்கும் இருங்க” என்றார். அதுவரை அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து வழக்கை ஆராய்ந்தார். கிதார் பழையது, தந்தி பழையது, ஆம்ப்ளிஃபயரும் பழையது. அன்று புதிதாகக் கொண்டுபோனது க்ளோன் ஒன்றுதான். சோலோ இல்லாததால் அதன்மேல் அன்று கால்கூடப் படவில்லை என்பதை எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லவில்லை. தீர்ப்பு க்ளோனுக்குச் சாதகமாயிற்று. அது ரிப்பேரானால் என்ன செய்வது என்று மறுநாளே இன்னொன்று வாங்கிவிட்டார்.